அண்ணன் வாசித்த கிதார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் நாள் முழுக்க ‘ஏசி/டிசி’ என்ற ராக் குழுவின் பாட்டைக் கேட்கிறான். எனக்கு இரைச்சலாகத்தான் படுகிறது. ஐம்பது ஆண்டுகளாக உலகமே கேட்கிறது என்கிறானே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: மகனின் ஹெட்போனை அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. 1980இல் வந்த ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தைப் போடச் சொல்லி, முதலில் ஒரு காதில் மட்டும் வைத்துக் கேளுங்கள். பிறகு அடுத்த காதுக்கு மாற்றுங்கள். இரண்டு கிதார்களும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்திருக்கும். துள்ளுவதும் இடையிடையே தனியாக நீண்டு பாடுவதும் தம்பி ஆங்கஸ் யங்கின் கிதார். இன்னொன்று நின்ற இடத்தைவிட்டு நகராது. ஒரு அடி, சட்டென்று ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு அடி. அதை வாசிப்பவர் அண்ணன் மால்கம். அவர் எங்கே கையை எடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இரைச்சல் என்று நீங்கள் நினைத்த பாட்டில் எவ்வளவு மௌனம் இருக்கிறது என்பது பிடிபடும். நான் இந்தக் குழுவின் பக்கம் சாய்ந்தது அந்த மௌனத்தைக் கேட்ட நாளில்தான்.

கேள்வி: மின்சாரத்துக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு? மேடையில் ஆங்கஸ் அணியும் அந்தப் பள்ளிச் சீருடை எதற்கு?

பதில்: இரண்டுமே அக்கா மார்கரெட்டின் யோசனை. தையல் இயந்திரத்தில் இருந்த ‘ஏசி/டிசி’ (மாறுதிசை, நேர்திசை மின்சாரம்) என்ற எழுத்துகளைப் பார்த்துப் பெயர் சொன்னார். சீருடையும் அவர் சொன்னதுதான். யங் குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து 1963இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியது. சிட்னியில் 1973இல் மால்கமும் ஆங்கஸும் குழுவைத் தொடங்கினார்கள். மூத்த அண்ணன் ஜார்ஜ் அதற்கு முன்பே ‘ஈஸிபீட்ஸ்’ குழுவில் புகழ்பெற்றவர். அவரும் அவருடைய கூட்டாளி ஹாரி வாண்டாவும்தான் தம்பிகளின் தொடக்ககால ஆல்பங்களைத் தயாரித்தார்கள். வாண்டாவிடமிருந்து வந்த பழைய கிரெட்ச் கிதாரைத்தான் மால்கம் வாழ்நாள் முழுவதும் வாசித்தார். அதன் வண்ணப்பூச்சைச் சுரண்டி எடுத்து வெறும் மரமாக்கினார். ஒலி வாங்கும் பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றிப்போட்டார். படத்தில் பார்த்தால், கழற்றிய இடம் குழியாகத் தெரியும். தனக்கு எந்த ஒலி வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு தெளிவு.

கேள்வி: பாடகர் இறந்த சில மாதங்களிலேயே புதியவரைச் சேர்த்து ஆல்பம் வெளியிட்டார்களாமே. அவ்வளவு அவசரம் எதற்கு?

பதில்: அவசரம் என்று நீங்கள் சொல்வதை நான் துக்கம் என்பேன். பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்தார். வயது 33. அளவுமீறிக் குடித்துவிட்டு காரிலேயே உறங்கியவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் அவர்களுக்குக் கதவு திறந்திருந்தது. குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். தொடர்ந்து வாசியுங்கள் என்று சொன்னது பானின் பெற்றோரே. மகனைப் பறிகொடுத்தவர்கள் அப்படிச் சொன்ன பிறகு சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்?

பிரையன் ஜான்சன் வந்தார். இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் கார்களுக்கு வினைல் கூரை பொருத்தும் தொழில் செய்துகொண்டிருந்தவர். அவருடைய பழைய குழுவைப் பார்த்துவிட்டு வந்து, அவர் பாடுவதை மெச்சியவர் வேறு யாருமல்ல, பான் ஸ்காட்தான். பஹாமாஸின் நாசோ நகரில், புயல் மழைக்கு நடுவே ஒலிப்பதிவு நடந்தது. ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பம் வெளியானது. அட்டை முழுக்கக் கறுப்பு, பானுக்காக.

முதல் பாட்டு மணியோசையுடன் தொடங்கும். அதற்காக இங்கிலாந்தின் லஃப்பரோ ஊரில் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள மணியை வார்க்கக் கொடுத்தார்கள். அது முடியும் முன்பு, அந்த ஊர் நினைவுக் கோபுரத்தில் இருந்த மணியை அடித்துப் பதிவுசெய்து பார்த்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கோபுரத்துப் பறவைகள் படபடத்துப் பறக்க, சிறகோசையும் சேர்ந்தே பதிவானது. கடைசியில் பட்டறைக்கே போய்ப் புது மணியின் ஓசையைப் பதிவுசெய்தார்கள். அந்த மணி இன்றும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ஓர் இழவு வீட்டின் மணி அது. ஆல்பம் உலகெங்கும் ஏறக்குறைய ஐந்து கோடிப் பிரதிகள் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு அந்த மணி ஒன்றே போதும்.

கேள்வி: 2016இல் குழு முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். எப்படி மீண்டார்கள்?

பதில்: அடிமேல் அடி விழுந்த காலம் அது. 2014இல் மறதிநோய் காரணமாக மால்கம் விலகினார். டிரம்ஸ் வாசித்த ஃபில் ரட் நியூசிலாந்தில் வழக்கில் சிக்கினார். 2016இல், கச்சேரியைத் தொடர்ந்தால் கேட்கும் திறனை முழுவதும் இழந்துவிடுவீர்கள் என்று மருத்துவர்கள் ஜான்சனைத் தடுத்தார்கள். மீதிக் கச்சேரிகளைக் ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ குழுவின் ஆக்ஸல் ரோஸ் பாடிக் கொடுத்தார். அந்த ஆண்டே பேஸ் கிதார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸும் ஓய்வு பெற்றார். 2017இல் அண்ணன் ஜார்ஜ் அக்டோபரிலும், மால்கம் நவம்பர் 18 அன்றும் மறைந்தார்கள். மால்கமின் சவப்பெட்டி மீது அந்தப் பழைய கிரெட்ச் கிதார் இருந்தது.

இதில் என்னை உலுக்கியது வேறொன்று. மால்கமின் கடைசிச் சுற்றுப்பயணம் 2008 முதல் 2010 வரை நடந்தது. நோய் அப்போதே தொடங்கியிருந்தது. தானே உருவாக்கி, முப்பது ஆண்டுக்கு மேலாக வாசித்த பாடல்களை அவர் மறுபடி புதிதாகக் கற்றுக்கொண்டு மேடையேறினார். கீழே நின்று கேட்டவர்களுக்கு அது தெரியாது.

ஜான்சன் காதுக்கான புதிய கருவி ஒன்றின் உதவியுடன் திரும்பினார். ரட்டும் வில்லியம்ஸும் வந்து சேர, 2020 நவம்பரில் ‘பவர் அப்’ ஆல்பம் வெளியானது. அதன் பன்னிரண்டு பாடல்களிலும் ஆங்கஸ் பெயருடன் மால்கம் பெயரும் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் முன்பே சேர்த்துவைத்திருந்த மெட்டுகளிலிருந்து பிறந்தவை அவை.

கேள்வி: மால்கம் இல்லாமல் அந்தப் பெயரில் மேடையேறுவது சரியா?

பதில்: நானும் முதலில் கூடாது என்றே நினைத்தேன். 2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நடந்த விழாவில் அவர்கள் வாசித்ததைப் பார்த்த பிறகு மனம் மாறினேன். டிரம்ஸுக்குப் பக்கத்தில், மால்கமின் இடத்தில் நிற்பவர் ஸ்டீவி யங், இன்னோர் அண்ணனின் மகன். சித்தப்பாவின் வாசிப்பை ஒரு மாற்றமும் இல்லாமல் வாசிக்கிறார். கூட்டுக்குரல் வரும் இடத்தில் மைக்குக்கு நடந்து வருகிறார். பாடி முடித்ததும் பின்னால் போய், ஒலிப்பெருக்கிகளின் அருகே மறுபடி நின்றுகொள்கிறார்.