பாப்-அப் கேம்பருக்கு ஏசி: கூரையிலா, பக்கச் சுவரிலா?

கேள்வி: பழைய பாப்-அப் கேம்பர் ஒன்று வாங்கியிருக்கிறோம். டெக்சஸ் வெயிலில் உள்ளே உட்காரவே முடியவில்லை. கூரையில் ஏசி போட வேண்டுமா, ஜன்னல் ஏசி போதுமா? கரண்ட் எவ்வளவு இழுக்கும்?

ஜன்னல் ஏசியே போதும். நான் போட்டு நாலு கோடை ஆகிறது. கூரையில் இல்லை, பக்கச் சுவரை அறுத்து, அரை டன்கூட இல்லாத ஒரு குட்டி ஜன்னல் ஏசி. ஏன் அப்படி என்று சொல்கிறேன்.

பாப்-அப் கேம்பரைப் பார்க்காதவர்களுக்கு: காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற ஒரு தட்டைப் பெட்டி. இடத்துக்குப் போனதும் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், இரண்டு பக்கமும் கட்டிலை வெளியே இழுக்கலாம், பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் சுவர் என்று இருப்பதெல்லாம் கேன்வாஸ் துணிதான். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, நான் ஜிக்சா ரம்பத்தை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, பந்தலுக்கு யாராவது ஏசி போடுவாங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு முந்தின ஜூலையில் பர்னெட் பக்கம் இங்க்ஸ் லேக்கில் ராத்திரி பதினோரு மணிக்கு உள்ளே 90 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்து, கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏசி போட்டுத் தூங்கினோம். அந்த ராத்திரி அவர் இல்லை.

முதலில் கூரை ஏசிக்குத்தான் ஆசைப்பட்டேன். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் கூரையில் ஏற்கெனவே இருக்கும் காற்றுப்போக்கியின் ஓட்டை 14 அங்குலச் சதுரம், கூரை ஏசிக்கும் அதே 14 அங்குலம்தான். காற்றுப்போக்கியைக் கழற்று, ஏசியை உட்கார வை, முடிந்தது என்று தோன்றும். ஓட்டை பொருந்தும், கூரை தாங்குமா என்பதுதான் கேள்வி. 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) கூரை ஏசி, அதாவது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, 70 முதல் 100 பவுண்டு வரை இருக்கும். தொழிற்சாலையிலேயே 'ஏசி ரெடி' என்று வருகிற கேம்பர்களில் அந்த ஓட்டையைச் சுற்றிக் கூரைக்குள் சட்டம் கொடுத்திருப்பார்கள், வயரும் இழுத்து வைத்திருப்பார்கள். உங்களுடையது அப்படி என்றால் யோசிக்காமல் கூரையில் போடுங்கள், நான் கீழே சொல்கிற தச்சு வேலை எதுவும் வேண்டாம்.

என்னுடையது அப்படியா என்று தெரியவில்லை. அதனால் ஒரு பரீட்சை வைத்தேன். தண்ணீர் சாஃப்ட்னருக்குப் போடுகிற உப்பு 40 பவுண்டு மூட்டையாக வரும் இல்லையா, அதில் இரண்டைத் தூக்கிக் கூரை நடுவில், காற்றுப்போக்கியின் இரு பக்கமும் வைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். வழக்கமாக ஒரு கையால் சுற்றுவேன், அன்றைக்கு இரண்டு கையும் போட்டு, பாதி உயரம் வருவதற்குள் உள்ளே கேபிள் முறுகுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் உட்கூரை நடுவில் வயிறு தள்ளியிருந்தது. அப்படியே மெதுவாக இறக்கிவிட்டேன். நடுவில் தொய்ந்த கூரையில் மழைத் தண்ணீர் தேங்கும், தேங்கினால் ஒழுகும், உள்ளே மரம் ஊறும். ஏசி போட்ட முதல் வருடம் சொர்க்கம், மூன்றாவது வருடம் கூரை மாற்ற வேண்டும்.

தரையில் வைத்துக் குழாய் விடுகிற போர்ட்டபிள் ஏசி? ஒற்றைக் குழாய் உள்ளது வேண்டவே வேண்டாம். அது உள்ளே இருக்கிற காற்றையே குழாய் வழியாக வெளியே தள்ளும். அந்த அளவு வெளிச்சூடு துணி இடுக்கெல்லாம் புகுந்து உள்ளே வரும். பாப்-அப்பில் இடுக்குக்கா பஞ்சம்?

ஆக ஜன்னல் ஏசி. 5,000 பிடியூ, சுமார் 40 பவுண்டு, 450 வாட் அளவில் ஓடுகிறது. கதவுக்கு எதிர்ப்பக்கம், உட்காரும் பெஞ்சுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் வைத்தேன். வெளித் தகட்டை அறுக்கும் முன் உள்ளே சட்டமும் வயரும் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள், இது மெல்லிய அலுமினியத் தகடு, மரச்சட்டம், ப்ளைவுட், அவ்வளவுதான். அறுத்த ஓட்டையைச் சுற்றிப் புதுச் சட்டம் அடித்து, விளிம்பெல்லாம் சிலிக்கான். ஏசியைக் கனமான டிராயர் சேனலில் உட்கார வைத்தேன். முகாமில் வெளியே தள்ளி அடியில் ஒரு முட்டுக் கொடுப்பேன், ஓட்டும்போது உள்ளே இழுத்துத் தாழ் போட்டு வெளியே ஒரு சின்னக் கதவை மூடிவிடுவேன்.

இதில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். முதல் தடவை பாதிதான் வெளியே தெரியும்படி சேனல் போட்டேன். ஜன்னல் ஏசியின் பக்கவாட்டில் செதில் செதிலாக ஓட்டைகள் இருக்குமே, அது வழியாகத்தான் அது வெளிக்காற்றை இழுத்துப் பின்னால் சூடாகத் துப்புகிறது. என்னுடைய வேலையில் அந்தச் செதில்கள் பெட்டிக்குள்ளே மாட்டிக்கொண்டன. இருபது நிமிடத்தில் பெட்டிக்குள் கை வைக்க முடியவில்லை, கம்ப்ரசர் 'டக்' என்று நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து வரும், மறுபடி நிற்கும். ஏசி கெட்டுப்போய்விட்டது என்று கடையில் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். நீளமான சேனல் வாங்கி, செதில்கள் முழுக்கச் சுவருக்கு வெளியே போகிற மாதிரி மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்புறம், வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பெஞ்சுக்குள் வரும். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். தேங்கிய தண்ணீரை விசிறி அள்ளிச் சூடான சுருள் மேல் தெளிக்கிற சத்தம் அது, நிறைய மாடல்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டவை. தண்ணீர் வடியட்டும் என்று அடியில் ஓட்டை போட்டுவிடாதீர்கள்.

கரண்ட் விஷயம். இங்கே 120 வோல்ட், ஆகவே குட்டி ஏசி 4 ஆம்ப் அளவுதான் இழுக்கும். கூரை ஏசி ஓடும்போதே 12 முதல் 15 ஆம்ப், கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. அதற்குத் தனி 20 ஆம்ப் பிரேக்கரும் 12 கேஜ் தடிமன் வயரும் வேண்டும். ஜெனரேட்டரில் ஓட்டுவதென்றால் 3,000 வாட்டாவது, இல்லை கிளம்பும்போது இழுக்கிற கரண்டைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் மாட்ட வேண்டும். குட்டி ஏசிக்கு 2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரே தாராளம். நான் கேம்பர் வயரிங்கைத் தொடவே இல்லை. கேம்பர் நிறுத்துகிற பார்க்கில் கரண்ட் கம்பத்தில் 30 ஆம்ப் பிளக் பக்கத்திலேயே பெரும்பாலும் சாதாரண 20 ஆம்ப் பிளக்கும் இருக்கும், அதிலிருந்து ஏசிக்குத் தனி வயர். முதல் தடவை வீட்டில் கிடந்த மெல்லிய ஆரஞ்சு எக்ஸ்டென்ஷனைப் போட்டேன், பிளக் சுட்டது. இப்போது 12 கேஜ், 25 அடி.

வீட்டில் கேம்பருக்கு 30 ஆம்ப் பிளக் போட ஆள் கூப்பிட்டால் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்: 120 வோல்ட். '30 ஆம்ப்' என்றதும் துணி உலர்த்தும் மெஷின் பிளக் என்று நினைத்து 240 கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கேம்பரில் இருக்கிற அத்தனையும் புகையும். பேட்டரியில் ஏசி ஓடுமா என்றும் கேட்பீர்கள். 100 ஆம்ப்-அவர் சாதாரண ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600 வாட்-அவர். குட்டி ஏசிக்கே ஒரு மணி நேரம் சொச்சம். அதை மறந்துவிடுங்கள்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். துணி சூட்டைத் தடுக்காது, அதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டில் பகுதிகள்தான் அடுப்பு. அவசரகாலப் பெட்டிகளில் வருமே, பளபளவென்ற மைலார் போர்வை, அதைக் கட்டில் கூடாரத்தின் மேலே விரித்து கிளிப் போட்டுவிடுகிறேன். ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ் ஷீட்டை அளவாக வெட்டிச் செருகியிருக்கிறேன். மூன்று பேரும் ஒரே பக்கம் படுத்தால் மறுபக்கக் கட்டிலைத் திரை போட்டு அடைத்துவிடலாம், குளிரூட்ட வேண்டிய இடம் குறையும். எல்லாவற்றையும்விட நிழல் முக்கியம். இடம் முன்பதிவு செய்யும்போது படத்தைப் பார்த்து மரத்தடியாக எடுக்கிறேன். போன ஆகஸ்டில் கார்னர் ஸ்டேட் பார்க்கில் வெளியே 101, மாலை நாலு மணிக்கு உள்ளே 86, சூரியன் இறங்கி இரண்டு மணி நேரத்தில் 74. செல்சியஸில் 38, 30, 23. மத்தியானம் நாலு மணிக்கு 74 வேண்டும் என்றால் இந்தச் சின்ன ஏசியால் ஆகாது, அந்த நேரத்துக்குக் குளிக்க அங்கே ஆறு இருக்கிறது.

மடிக்கும் முன் ஏசியை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது ஜன்னல்களைத் திறந்து துணியைக் காய விடுங்கள். குளிர்காற்று நேராகப் படுகிற துணியின் வெளிப்பக்கமும் மெத்தைக்கு அடியிலும் ஈரம் கோர்த்திருக்கும். ஒரு தடவை மழை வருகிறது என்று அவசரமாக மடித்து, பத்து நாள் கழித்துத்தான் திறந்தேன். வலப்பக்கக் கட்டில் மூலையில் அன்றைக்கு வந்த கரும்புள்ளிகள் இன்னும் போகவில்லை.