எட்டுக்கால் பூச்சி கடிச்சா நரம்பு செத்துப் போயிடுமா டாக்டர்?

கேள்வி: மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துல இருக்கோம். நாலு நாள் முன்னாடி என் வீட்டுக்காரர் மட்டை இழுக்கும்போது உள்ளங்கை அகலத்துக்கு மயிரு மூடின எட்டுக்கால் பூச்சி ஒன்னு விரல்ல கடிச்சிடுச்சு. வீக்கம் வத்திடுச்சு, ஆனா ராத்திரியில ரெண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடிக்குது. நரம்பு செத்துப் போச்சுன்னு மாமியார் ஒரே அழுகை.

பதில்: தங்கச்சி, மாமியார மொதல்ல அழாம இருக்கச் சொல்லுங்க. நீங்க சொல்றது டராண்டுலா மாதிரி இருக்கு, அது விஷத்துல மனுசன் செத்ததா நம்பகமான பதிவு இல்ல.

நரம்பும் சாகல. நரம்புல சேதி ஓடணும்னா பொடிப்பொடி கதவுங்க தொறந்து மூடணும், சோடியம் உள்ள வந்தா சேதி கெளம்பும், பொட்டாசியம் வெளிய போனா அடங்கும், இந்த விஷத்துல இருக்கிற குட்டிப் புரதங்க அந்தக் கதவுல போய் ஒட்டிக்கும், அவ்ளோதான், நரம்ப அரிச்சுத் திங்காது. சிலி நாட்டு டராண்டுலா ஒன்னோட விஷம் பொட்டாசியம் கதவ சுலபமா தொறக்க விடாது. அப்படி மாட்டிக்கிட்டா அடங்க வேண்டிய சேதி அடங்காம தசைய தட்டிக்கிட்டே இருக்கும், பிடிப்பு வர்றது இதனாலதான் இருக்கும்னு நெனைக்கிறோம். புரதம் கழண்டு போச்சுன்னா கதவு பழையபடி வேலை செய்யும்.

கடிச்சப்ப சிலிப்பாடி மிளகாய் தேய்ச்ச மாதிரி எரிஞ்சிருக்குமே? டிரினிடாட் பக்கத்து டராண்டுலா ஒன்னோட விஷம், மிளகாய் காரம் தொடுற அதே கதவத்தான் தொறக்குதுன்னு 2006-ல கண்டுபிடிச்சாங்க. அந்தக் கதவ மொதல்ல கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல நோபல் கெடச்சுது. வேற சில டராண்டுலா விஷம் வலி கடத்துற சோடியம் கதவ அடைக்குது, அத வச்சு வலி மருந்து செய்யவும் பாக்குறாங்க, விஷத்துலேயே மருந்து பாருங்க!

இந்தியா, இலங்கையில மரத்துல வாழுற ஒரு இனம் கடிச்சவங்களுக்கு பிடிப்பு சில நாள் கழிச்சு ஆரம்பிச்சு வாரக்கணக்குல கூட இருந்திருக்கு. அதனால நாலாம் நாள் பிடிக்குதேன்னு பயப்பட வேண்டாம், ஆனா வெயில்ல குலை வெட்டி வேர்த்து உப்பு எறங்கினாலும் இதே மாதிரி இழுக்கும், எது காரணம்னு நான் இங்க உக்காந்துகிட்டு சொல்ல முடியாது, கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போய் ரத்தத்துல கால்சியம், பொட்டாசியம், கிட்னி பாக்கச் சொல்லுங்க, டெட்டனஸ் ஊசி போட்டு பத்து வருசம் ஆச்சான்னும் கேளுங்க. இதுக்குன்னு விஷமுறிவு ஊசி கெடையாது, வலி மாத்திரையும் தசை தளர்த்துற மருந்தும்தான். சுண்ணாம்பு தடவுறது, கயித்தால கட்டுறது, கீறி விடுறது எதுவும் வேணாம்மா.

ஒன்னு மட்டும் அவர்கிட்ட நல்லா விசாரிங்க, பூச்சிய கண்ணால பார்த்தாரா இல்ல ரெண்டு பல் தடத்த பார்த்துட்டு சொல்றாரா? மட்டை குவியல்ல பாம்பும் படுத்திருக்கும். கண் இமை தொங்கினா, ஈறுல ரத்தம் வந்தா, மூச்சு முட்டினா, ஒன்னுக்கு தேத்தண்ணி கலர்ல போனா கிளினிக் தொறக்கிற வரைக்கும் காத்திருக்காம 999-க்கு அடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிடுங்க.