எல்லோரும் ‘நல்லா இருக்கு’ என்றால்?

கேள்வி: எச்.ஐ.வி., கர்ப்பம் இரண்டையும் சேர்த்துத் தடுக்க, பெண்ணுறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் வளையம் ஒன்றை உருவாக்கும் ஆய்வில் களப்பணியாளராக இருக்கிறேன். பெண்களைக் கூட்டி உட்காரவைத்துக் கருத்துக் கேட்டால், எல்லோரும் ‘நல்லா இருக்கு மேடம்’ என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. நாளைக்குப் பரிசோதனை தொடங்கினால் உண்மையில் பயன்படுத்துவார்களா என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 2009-ல் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களை வைத்து ‘வாய்ஸ்’ என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வு தொடங்கியது. தினமும் ஒரு மாத்திரை, அல்லது ஜெல். வாயால் கேட்டபோது 90 சதவீதம் தவறாமல் பயன்படுத்தியதாகக் கணக்கு வந்தது. திருப்பிக் கொடுத்த மிச்சத்தை எண்ணிப் பார்த்தால் 86 சதவீதம். ரத்தத்தைச் சோதித்தபோதுதான் தெரிந்தது, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்தே இருந்தது.

‘பொய் சொல்லிவிட்டார்கள்’ என்று அந்தப் பெண்கள்மேல் பழி போடுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பிறகு உட்கார்ந்து பேசியபோது அவர்கள் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: பக்கவிளைவு பயம், வீட்டுக்காரரின் சந்தேகம், மாத்திரையைப் பார்த்தால் ‘இவளுக்கு எச்.ஐ.வி.’ என்று நாலு பேர் பேசுவார்களே என்ற கலக்கம். நோயாளிகள் சாப்பிடும் அதே மாத்திரையை, நோயில்லாத ஒருத்தி வீட்டில் எங்கே ஒளித்துவைப்பாள்?

அதனால் ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு ‘பிடிச்சிருக்கு’ என்பதுதான் மரியாதையான பதில். மாதிரி வளையத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். ஒருத்தி அமுக்கிப் பார்ப்பாள், இன்னொருத்தி முகர்ந்து பார்ப்பாள், பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ கிசுகிசுப்பாள். அந்தக் கிசுகிசுப்பில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. அப்புறம் கேளுங்கள்: மாதவிலக்கு நாளில் என்ன செய்வீர்கள்? கணவர் கைக்குத் தட்டுப்பட்டால் என்ன சொல்வீர்கள்?

உங்களுடையது இரண்டு வேலை செய்யும் பொருள் என்பதால் இன்னொன்றும் கேட்க வேண்டும். குழந்தை வேண்டும் என்று ஒருத்தி அதைக் கழற்றினால், எச்.ஐ.வி. பாதுகாப்பும் கூடவே போய்விடும். ஒரு வீட்டில் ‘இது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு’ என்று சொல்லித் தப்பிக்கலாம். கணவரும் மாமியாரும் குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் அதே பதில்தான் வம்பு. இதையெல்லாம் ஆய்வகத்தில் இருப்பவர்களால் ஊகிக்க முடியாது, அந்தப் பெண்கள்தான் சொல்ல வேண்டும். அதுவும் வளையத்தின் வடிவம் முடிவாவதற்கு முன்பே.

பரிசோதனை தொடங்கிய பிறகு ‘தவறாமல் போட்டீர்களா?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ‘போன மாதம் எத்தனை நாள் கழற்றிவைக்க வேண்டி வந்தது?’ என்று கேளுங்கள். எந்தப் பதில் சொன்னாலும் பயணப்படி குறையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். படியைக் கையில் கொடுப்பவரே கேள்வியும் கேட்க வேண்டாம்.

கர்ப்பமானால் உடனே மருந்தை நிறுத்துவது பழைய வழக்கம். 2024-ல் முடிவு வெளியான ‘பர்பஸ் 1’ என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வில், விளக்கிச் சொல்லி மறுபடி சம்மதம் வாங்கி, கர்ப்பிணிகளும் தொடர வழி வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெனகாபவிர் ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. உங்கள் ஆய்வில் கர்ப்பமானவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுவையுங்கள்.

பக்கவிளைவு வந்தால் யார் வைத்தியம் பார்ப்பார்கள், எத்தனை காலத்துக்கு? இதற்கும் மேலதிகாரியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். 2004-ல் கம்போடியாவில் ஒரு எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பாலியல் தொழிலாளர்கள் இதே கேள்வியை எழுப்பிப் போராடினார்கள். சரியான பதில் கிடைக்காமல், அந்தப் பரிசோதனை தொடங்கும் முன்பே நின்றுபோனது.

சரி, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை. ‘நல்லா இருக்கு மேடம்’ என்ற பெண்களில் இரண்டு பேரை, கேள்வித்தாள் தயாரிக்கவே கூப்பிடுங்கள். அந்த நேரத்துக்கான சம்பளத்தையும் ஆய்வுச் செலவில் எழுதச் சொல்லுங்கள்.