டிராக்டர் பார்த்த கை படகு இன்ஜினையும் பார்க்கும்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் 20 வருடமாக டிராக்டர், ஆயில் இன்ஜின் வேலை பார்க்கிறேன். கொச்சியில் இருக்கும் என் மச்சான் நண்பர்களோடு சேர்ந்து 30 வருடப் பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார். இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், அடியில் செயில்டிரைவ் (படகின் அடி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கிப் புரொபெல்லரைச் சுற்றும் கியர் கால்). மூன்று வருடமாக ஓடவில்லையாம். "நீ வந்து ஓட வெச்சுக் குடு மாப்ளே" என்கிறார். கடல் பக்கம் வேலை பார்த்ததில்லை, போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஃபில்டர் மாற்றுவது, ஏர் எடுப்பது, டேப்பெட் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். புதுசு என்றால் தண்ணீர் ஒன்றுதான். இங்கே ரேடியேட்டரும் ஃபேனும் கிடையாது, ஒரு பம்ப் கடல் தண்ணீரை இழுத்து கூலன்ட்டைக் குளிர வைத்து, அதே தண்ணீரைப் புகையோடு கலந்து வெளியே துப்புகிறது. இன்னும் பழைய சில இன்ஜின்களில் கடல் தண்ணீர் நேராக பிளாக்குக்குள்ளேயே ஓடும். அப்படி இருந்தால் தெர்மோஸ்டாட் 60 டிகிரி வாக்கில் திறக்கிற மாதிரி வைத்திருப்பார்கள், அதற்கு மேல் சூடானால் உப்பு உள்ளே படியும். கார் தெர்மோஸ்டாட்டைக் கொண்டுபோய்ப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்தப் பம்பைத் திறங்கள். உள்ளே கைக்குள் அடங்குகிற ரப்பர் சக்கரம் இருக்கும், அதுதான் இம்பெல்லர். மூன்று வருடம் ஒரே நிலையில் நின்றதால் இதழ்கள் மடிந்தபடியே விறைத்திருக்கும். யோசிக்காமல் மாற்றுங்கள், ஓடுகிற படகிலேயே வருடம் ஒரு முறை மாற்றுவார்கள். பழையதில் ஒரு இதழ் குறைந்தால் அந்தத் துண்டு கிடைக்கும் வரை மூடியைப் பூட்டாதீர்கள், பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் போய் அடைத்துக் கிடக்கும்.

அடுத்து சொல்வதுதான் முக்கியம். டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் விடாமல் செல்ஃப் அடிப்போம் இல்லையா, அந்தப் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். இன்ஜின் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் பம்ப் தண்ணீரைச் சைலன்சருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், வெளியே தள்ளப் புகை இல்லாததால் அது நிரம்பி, எக்ஸ்ஹாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் வந்துவிடும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். நல்ல இன்ஜின்கள் இப்படி வீணானதை தூத்துக்குடியில் வேலை பார்த்த காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் மனசு கேட்காது. அதனால் முதலில் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது கடல் தண்ணீர் வால்வை மூடி வையுங்கள், பிடித்த அந்த நொடியே திறந்துவிடுங்கள், வறண்டு ஓடினால் புது இம்பெல்லர் கருகிவிடும். அப்புறம் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். தண்ணீர் விட்டுவிட்டு நன்றாகத் துப்ப வேண்டும். நூலாக ஒழுகினால் தண்ணீரும் புகையும் சேர்கிற முழங்கை உப்பும் கரியும் சேர்ந்து அடைத்திருக்கலாம், கழற்றி விரலை விட்டுப் பாருங்கள்.

சரி, செயில்டிரைவ். டிப் ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் டீ நிறத்தில் பாலாக இருந்தால் புரொபெல்லர் பக்கத்து சீல் போய்விட்டது, படகைத் தரையில் ஏற்றித்தான் மாற்ற முடியும். அதைவிடப் பெரியது, கால் படகின் அடியைத் துளைத்து இறங்குகிற இடத்தில் இருக்கும் டயாபிரம். பெரிய ரப்பர் வளையம், கடலுக்கும் படகுக்கும் நடுவில் நிற்பது அதுதான். படகு இன்ஜின் கம்பெனியான வால்வோ பென்டா 7 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது. எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை முன்னால் நகர்த்த வேண்டிய வேலை, செலவும் உண்டு, ஆனால் மச்சானிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். தரையில் இருக்கும்போதே துத்தநாகக் கட்டியையும் பாருங்கள், பாதி கரைந்திருந்தாலே புதுசு போடுங்கள். அது இல்லையென்றால் கடல் அலுமினியக் காலைத் தின்ன ஆரம்பிக்கும். செம்பு கலந்த பெயின்ட்டை அந்தக் காலில் பூசவே கூடாது.

கேள்வி: பக்கத்துப் படகில் செயில்டிரைவ் இல்லை, நீளமான ஷாஃப்ட். அது வெளியே போகிற இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. "சொட்டணும்" என்கிறாராம் அந்த உரிமையாளர். சரியா? (அதே வாசகர்)

பதில்: கயிறு திணித்த கிளாண்ட் என்றால் சரிதான். நம் ஊர் கிணற்று பம்ப்செட்டில் கிளாண்ட் கயிறு போடுவீர்களே, அதேதான். ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும், அந்த ஈரம்தான் ஷாஃப்டைக் குளிர வைக்கிறது. சொட்டே நிற்கும்படி இறுக்கினால் சூடேறி ஷாஃப்டில் வரி விழும். நிற்கும்போதும் ஓடையாக வந்தால் கயிறு மாற்றுங்கள். கயிறு அடிக்கடி தேய்ந்தால் இன்ஜினும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லை, மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். கப்ளிங்கில் ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்ப்பது படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான். தரையில் உட்கார்ந்திருக்கும் படகின் உடம்பு கொஞ்சம் வளைந்திருக்கும், அந்த அளவு தண்ணீரில் நிற்காது.

கேள்வி: எங்கள் படகை லீவுக்கு மட்டும்தான் எடுக்கிறோம். காவலாளி வாரம் 5 நிமிடம் நியூட்ரலில் ஓட விடுகிறார். போதுமா? (ஓசூர் வாசகர்)

பதில்: வேண்டாம். டீசல் இன்ஜின் சூடாகாமல், பாரம் இல்லாமல் ஓடினால் கரிதான் சேரும், சிலிண்டர் சுவர் வழவழப்பாகி ஆயில் குடிக்கத் தொடங்கும். படகைக் கரையோடு கயிற்றால் நன்றாகக் கட்டி, கியர் போட்டு, அரை மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். டேங்க்கை நிரப்பியே வையுங்கள், காலியாக இருந்தால் உள்ளே ஈரம் கோக்கும், அந்தத் தண்ணீரில் பாசி மாதிரி கறுப்புச் சளி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து மாதம் ஒரு முறை ஒரு டம்ளர் டீசலைப் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.