ஓடும் லாரியை அணைக்காதீர்கள், நின்ற லாரியைக் கிளம்ப விடாதீர்கள்

கேள்வி: என்னிடம் ஆறு லாரிகள், எல்லாம் 24 வோல்ட். திருடு போனால் கைப்பேசியிலிருந்தே நிறுத்த, ஜிபிஎஸ் கருவியோடு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பொருத்தப் போகிறேன். டீசல் வருவதைத் துண்டிக்கலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஓட்டத்தில் இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் பம்பும் ஏர் கம்ப்ரசரும் அதோடு நின்றுவிடும். பாரம் ஏற்றிய லாரியின் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். தொட்டியில் மிஞ்சிய காற்று சில பிரேக் மிதிக்குத்தான் வரும். அழுத்தம் இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகக் கவ்விக்கொள்ளும், அது வளைவானாலும் சரி, ரயில்வே கேட்டானாலும் சரி. பின்னால் வருபவர் திருடன் அல்லவே.

ஸ்டார்ட்டரைத் துண்டியுங்கள். சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்குப் போகும் மெல்லிய ஒயரை வெட்டி, இரு முனைகளையும் புது ரிலேயின் 30, 87ஏ பின்களில் கொடுங்கள். ரிலே சும்மா இருக்கும்போது இவை இணைந்திருக்கும், மின்சாரம் கொடுத்தால் பிரிந்து பூட்டும், நின்றால் ரிலே விட்டு மறுபடி இணையும். பேட்டரியின் தடித்த கேபிளைத் தொடவே கூடாது. ரிலேயை இயக்கும் காயில் (உள்ளிருக்கும் கம்பிச்சுருள், 85, 86 பின்கள்) 24 வோல்ட்டாக இருக்கட்டும். 12 வோல்ட் காயில் கருகிவிடும். கருவியின் அவுட்புட் ஒயர் 85-க்கு, பியூஸ் வழியாக வரும் பிளஸ் 86-க்கு. இரண்டுக்கும் நடுவே 1என்4007 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்), கோடு போட்ட முனை 86 பக்கம். இது இல்லாவிட்டால் ரிலே விடும்போது காயிலில் திடீரென எழும் உயர் மின்னழுத்தம் கருவியின் அவுட்புட்டைக் கொன்றுவிடும்.

பலர் கோட்டைவிடுவது அந்த 86-இல்தான். ரேடியோவுக்குப் போகும் லைனிலிருந்து பிளஸ் எடுத்துவிடுவார்கள். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும் நொடியில் அந்த லைன் செத்துப்போகும், ரிலே விடும், பூட்டிய லாரி ஜம்மென்று கிளம்பும். ஸ்டார்ட் நிலையிலும் மின்சாரம் நிற்காத இக்னிஷன் லைன்தான் வேண்டும். மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போதே கடத்திப் போனால் இந்தப் பூட்டு அடுத்த நிறுத்தத்தில்தான் பிடிக்கும். அது போதும். திருடன் ஜாமர் (சிக்னலைத் தடுக்கும் கருவி) வைத்திருந்தால் உங்கள் கட்டளையே வந்து சேராது; ஆகவே சாவியை எடுத்ததும் தானே பூட்டிக்கொண்டு, டிரைவரின் அடையாள டேக் பட்டால் மட்டும் திறக்கும் கருவியாக வாங்குங்கள். கருவியைப் பிடுங்கினால் ரிலே விட்டுவிடும் என்பதால் இரண்டையும் வெவ்வேறு இடத்தில், எளிதில் கை எட்டாதபடி ஒளித்து வையுங்கள். எஸ்எம்எஸ் கடவுச்சொல் 123456 என்றே வந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

பொருத்தியதும் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பூட்டிய நிலையில் பத்து முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒருமுறைகூட ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது.