கொல்லையில் சின்னதாகக் குளம் வெட்டினால் கோடையில் பறவைகள் வருமா?

தாராளமாக வரும். எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். பங்குனி, சித்திரையில் வாய்க்காலெல்லாம் காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் கொல்லையில் நாலு குடம் தண்ணீர் தேங்கி நின்றாலே போதும், பறவைகள் கண்டுபிடித்துவிடும்.

பரப்பைவிடக் கரைதான் முக்கியம் என்பது என் கட்சி. தவிட்டுக்குருவி, மைனா, சின்னான் எல்லாம் ஆழத்தில் இறங்காது. ஒரு பக்கமாவது சரிவாக்கி, இரண்டு விரல் அளவு தண்ணீர் நிற்கிற மாதிரி கல்லும் மணலும் போடுங்கள். தொட்டி போல நேர்ச்சுவர் எழுப்பினால் காக்கைதான் விளிம்பில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகும்.

அப்புறம் உட்கார்ந்து பாருங்கள். தவிட்டுக்குருவி கூட்டமாக வந்து ஒரே கூச்சல் போடும்; சில குளிக்கும்போது ஒன்று மேலே கிளையில் காவல் இருக்கும். மைனா அலகை நனைத்து, தலையை நிமிர்த்தி விழுங்கும். புறாவோ குனிந்த தலை நிமிராமல் உறிஞ்சியே குடிக்கும். எனக்குப் பிடித்தது இரட்டைவால் குருவி, அதாவது கரிச்சான். கரையில் கால் வைக்காது. கம்பியிலிருந்து சர்ரென்று பாய்ந்து தண்ணீரில் நெஞ்சை அடித்துவிட்டு மறுபடி கம்பிக்கே போய்ச் சிலிர்த்துக்கொள்ளும். திரும்பப் பாயும். சாயங்காலக் காப்பி ஆறிப்போவது இதனால்தான்.

மடையானும் வரும். மற்ற மாதங்களில் மண் நிறத்தில் கிடக்கிற பறவை, கோடையில் முதுகு கருஞ்சிவப்பாகி, தலையில் நீள இறகுகளோடு மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். காசு கொடுத்து வாங்கிய கலர் மீனை விட்டீர்களானால் அதற்குத்தான் விருந்து. கொசுப்புழுவுக்குக் கப்பி மீன் போதும், தானே பெருகிக்கொள்ளும். வெள்ளைமார்பு மீன்கொத்தியை அவ்வளவு திட்ட வேண்டாம், ஓணான், தவளை, வெட்டுக்கிளி என்று கரையிலும் நிறையப் பிடித்துத் தின்னும்.

கானாங்கோழி வர வேண்டுமானால் சேம்பு, கல்வாழை என்று ஒளிய இடம் வேண்டும். ஆனால் குருவிகள் குளிக்கிற சரிவுப் பக்கத்தில் புதர் வேண்டவே வேண்டாம். பூனை அங்கேதான் பதுங்கும். இறகு நனைந்த குருவியால் சட்டென்று எழும்பவும் முடியாது. செடியை எதிர்க்கரையில் வையுங்கள்.