கூரைத் தண்ணீர் விழும் ஓரத்தில் கல் அமுங்குகிறது

தரையில் பதித்த கல் அமுங்குகிறது, மேலே சிமெண்டு பூசலாமா என்று கேட்டீர்கள். பூசாதீர்கள். அடிமண் இறங்கினால் பூச்சு வெடிக்கும், நல்ல கல்லும் பாழாகிவிடும். சுங்கை சிப்புட் வீட்டுப் பின்வாசலில் அமுங்கிய அந்த 3 மீட்டர் ஓரத்தை மட்டும், அரை மீட்டர் அகலத்துக்குப் பெயர்த்து மறுபடி பதித்தால் போதும்.

செம்மண்மேல் நேரே மணல் கொட்டியதாகச் சொல்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். போதாததற்கு அது கூரைத் தண்ணீர் விழும் இடமும்கூட. ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள்: மணல் சிவந்து குழம்பாக இருந்தால் செம்மண் கலந்துவிட்டது, கல்லுக்கடியில் வெற்றிடம் இருந்தால் ஓரத்தில் தாங்கிப் பிடிக்கும் அணை இல்லாமல் மணல் அரித்துப் போகிறது.

1. கல்லின் கனத்தோடு 13 செண்டிமீட்டர் கூடுதலாகத் தோண்டி, ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, மண் மேலே கலக்காமல் தடுக்கும் துணி) விரியுங்கள்.
2. கிரஷர் ரன் (உடைத்த கல்லும் கல்தூளும் கலந்தது) 10 செண்டிமீட்டர். இரண்டு அடுக்காக, லேசாக நனைத்து இடித்து இறுக்குங்கள். தள்ளுவண்டியில் மூன்று நான்கு நடை பிடிக்கும். இதில் அவசரப்பட்டால் மறுபடியும் அமுங்கும். குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் விழக்கூடாது.
3. அதன்மேல் பருமணல் 3 செண்டிமீட்டர். இதை இடிக்க வேண்டாம், பலகையால் இழுத்துச் சமன் செய்யுங்கள்.
4. கல்லைத் திரும்பப் பதியுங்கள்: வீட்டிலிருந்து வெளிப்பக்கம், மீட்டருக்கு 2 செண்டிமீட்டர் சரிவு. வெளி ஓரத்துக்குக் கான்கிரீட் அணை. கல் இடுக்கில் காய்ந்த பொடிமணல்.

மழை இல்லாத நாளிலும் அடிமண் சொதசொதவென்று இருந்தால் முதலில் குழாய்க் கசிவைப் பாருங்கள். கார் நிற்கும் இடமென்றால் இந்த 10 செண்டிமீட்டர் போதாது.